பேக்கலைட் வளையலில் இருக்கும் மஞ்சள் அழுக்கா?

கேள்வி: பழைய பெட்டி ஒன்றில் தேன் நிறத்தில் இரண்டு தடித்த வளையல்கள், அம்பர் (புதைந்து இறுகிய மரப்பிசின்) என்று சொல்லப்பட்டு வந்த கருஞ்சிவப்பு மணிமாலை ஒன்று, கறுப்பு ரேடியோப் பெட்டி ஒன்று கிடைத்தன. எல்லாமே பேக்கலைட் என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மங்கிப்போன வளையல்களைப் பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பற்பசையை எடுத்து வைத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பவை ஒரே பெயரில் வழங்கும் இரு வேறு சரக்குகள். அவற்றைப் பிரித்தறியாமல் பாலிஷ் போட்டால் ஒன்று பளபளக்கும், மற்றொன்று பாழாகும்.

லியோ பேக்கலண்ட் 1907-ல் உருவாக்கிய பேக்கலைட், பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்து இறுகிய பிசின். அதில் மரத்தூள் போன்ற நிரப்பியைக் கலந்து, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சில் வார்த்தார்கள். ரேடியோ, தொலைபேசி, சுவிட்ச் எல்லாம் இந்த வகைதான். பெரும்பாலும் கறுப்பு அல்லது பழுப்பாக இருக்கும். நகைகளுக்கான சரக்கு வேறு. நிரப்பி சேர்க்காத பிசினை அச்சில் ஊற்றி, அடுப்பில் மெல்ல இறுக வைத்து, பிறகு கடைந்தும் செதுக்கியும் நகையாக்கினார்கள். 1920-களின் பிற்பகுதியில் கேட்டலின் என்ற பெயரில் இது பல நிறங்களில் வந்தது. சேகரிப்பவர்கள் இதையும் பேக்கலைட் என்றே சொல்கிறார்கள்.

வளையலை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய கனம் தெரியும். இரண்டையும் மெல்ல மோதினால் தடித்த ‘டொக்’ ஓசை வரும். அக்ரிலிக்கில் மெலிந்த ‘டிக்’தான். உள்பக்கத்தில் அச்சின் இணைப்புக் கோடு இருக்கக் கூடாது. செதுக்கல் இருந்தால் அதன் பள்ளங்களில் உளி ஓடிய மெல்லிய தடம் இருக்கும். பள்ளமும் மேடும் ஒரே வழவழப்பாக இருந்தால் அச்சில் வார்த்த நகல் என்று சந்தேகப்படலாம். ப்ரூச்சாக (உடையில் குத்தும் நகை) இருந்தால் ஊசி திருகாலோ ஆணியாலோ பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பசையால் ஒட்டியிருந்தால் நகலாகவோ பின்னாளில் பழுது பார்த்ததாகவோ இருக்கலாம்.

அடுத்து வாசனை. கல், உலோகம், வண்ணப்பூச்சு எதுவும் இல்லாத பொருளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத நீரில் ஓர் ஓரத்தை 20 விநாடி பிடித்து, எடுத்த உடனே முகருங்கள். கார்பாலிக், பார்மலின் போன்ற கிருமிநாசினி மாதிரி காரமான நெடி வந்தால் பேக்கலைட். கற்பூர வாசனை என்றால் செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக். சுட்ட பால் அல்லது நனைந்த கம்பளி வாசனை என்றால் பாலின் கேசீனிலிருந்து செய்த கேலலித். அதை நீரில் வைத்திருந்தால் ஊதிக் கோணிவிடும், உடனே துடையுங்கள். அக்ரிலிக்கில் நெடியே வராது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய யோசனை மட்டும் வேண்டாம். பேக்கலைட்டில் ஆறாத தழும்பு விழும்; செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும்.

நம்பகமான சோதனை, சிமிக்ரோம் போன்ற உலோகப் பாலிஷ் பசை. வளையலின் உள்பக்கத்தைச் சோப்பு நீரால் துடைத்துக் காயவைத்தபின், காட்டன் பட்டில் கடுகளவு பசை எடுத்து ஒரே இடத்தில் லேசாகத் தேயுங்கள். பஞ்சு மஞ்சளாக வேண்டும். வளையல் சிவப்பாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் கறை மஞ்சள்தான். சிவப்பு வளையலிலிருந்து சிவப்பு இறங்கினால் அது மேல்பூச்சின் சாயம். கறுப்பில் பல நேரம் கறையே வராது. அண்மையில் பாலிஷ் போட்டதும் வார்னிஷ் பூசியதும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் கறை இல்லை என்பதை மட்டும் வைத்துப் பொருளை ஒதுக்கிவிட வேண்டாம்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பிசினின் மேற்பரப்பு காற்றாலும் வெளிச்சத்தாலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, காலப்போக்கில் மஞ்சள் தோல் படிகிறது. வெள்ளையாகப் பிறந்தது வெண்ணெய் நிறமாகி, தேன் நிறமாகிறது. நீலம் பச்சையாகத் தெரிகிறது. பளிச்சென்ற வெள்ளையிலோ தூய நீலத்திலோ ‘பழைய பேக்கலைட்’ என்று யாராவது காட்டினால், அது புதிது அல்லது தோல் உரிக்கப்பட்டது. உங்கள் தேன் நிற வளையல்களும் வெளிறிய நிறத்தில் தொடங்கியவையாக இருக்கலாம்.

மாலைக்கு உப்பு நீர் போதும். 200 மி.லி. நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, கயிற்றிலிருந்து கழற்றிய ஒரு மணியைப் போடுங்கள். அம்பர் மிதக்கும், பேக்கலைட் மூழ்கும். மூழ்கினால் அம்பர் இல்லை என்பது உறுதி. ஆனால் அக்ரிலிக்கும் மூழ்கும் என்பதால் பசைச் சோதனையும் செய்யுங்கள். மிதந்துவிட்டால் உடனே மகிழ வேண்டாம், பாலிஸ்டைரீனும் மிதக்கும். ‘செர்ரி அம்பர்’ என்று விற்கப்படும் கருஞ்சிவப்பு மணிகளில் பெரும்பாலானவை இந்தப் பீனால் பிசின்தான்.

இனி பாலிஷ். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி மென்மையான திரவ சோப்பு கலந்து, மென்மையான பல்துலக்கியால் செதுக்கல்களைத் துடையுங்கள். ஊறவைக்க வேண்டாம். பாதிப் பொருள்களுக்கு இதுவே போதும். இன்னும் மங்கலாக இருந்தால் பட்டாணி அளவு பசையைப் பருத்தித் துணியில் எடுத்து, வட்டமாக ஒரு நிமிடம் தேய்த்து, சுத்தமான துணியால் துடையுங்கள். பளபளப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: துணி மஞ்சளாகிக்கொண்டே இருக்க, அழுக்கு இன்னும் போகவில்லை என்று தொடர்ந்து தேய்க்கிறார்கள். போவது அழுக்கல்ல, அந்தத் தோல். முழுதும் போனால் தேன் நிற வளையல் வெளிறி நிற்கும். பழைய நிறம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அந்தத் தோலுக்காகவே வாங்குபவர்கள் இருப்பதால் நான் தொட மாட்டேன். பற்பசையின் துகள் கரடானது. கீறல் விழும், பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்தும் நிற்கும்.

நகம் தட்டும் அளவு கீறல் இருந்தால் 1000, 1500, 2000 என்ற வரிசையில் வாட்டர் எமரி பேப்பர். எப்போதும் ஈரமாக, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றி. முந்தைய தாளின் கோடுகள் முழுதாக மறையாமல் அடுத்ததற்குப் போனால் பாலிஷுக்குப் பிறகு அவை பல்லைக் காட்டும். தேய்த்த இடம் மட்டும் வெளிறும் என்பதால் வளையல் முழுவதையும் தேய்க்க வேண்டிவரும். சின்னக் கீறலை அப்படியே விடுவது மேல். மின் பஃப் சக்கரம் வேண்டாம், சூட்டில் மேற்பரப்பு கருகும், செதுக்கலின் முனைகள் மழுங்கும்.

ரேடியோப் பெட்டிக்கு எமரி கூடவே கூடாது. அதன் பளபளப்பு மேலே இருக்கும் மெல்லிய பிசின் படலத்தில்தான். அது தேய்ந்தால் மரத்தூள் வெளியே தெரியும், எந்தப் பாலிஷும் அதை மீட்காது. மின்னிணைப்பைக் கழற்றி, உள்பாகங்களை வெளியே எடுத்த பிறகு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்துக் கறுப்பு மெழுகு பூசுங்கள். நல்ல கறுப்பு ஷூ பாலிஷ்கூட ஒத்துவரும். சூடு தாங்கும் பழைய மின்பாகங்களில் நிரப்பியாகக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அவற்றை அராவவோ துளைக்கவோ வேண்டாம்.

வளையல்களை வெயில் படாத இடத்தில், துணியில் சுற்றி வையுங்கள். சோதனையில் ஏதாவது செல்லுலாய்ட் என்று தெரிந்தால் அதை மட்டும் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். சிதையும் செல்லுலாய்ட் விடும் அமில ஆவி, பக்கத்தில் இருக்கும் உலோகக் கொக்கிகளைப் பச்சை பிடிக்க வைக்கும்.