அடி ரொட்டி ஏன் நனைந்து போகிறது?

கேள்வி: கிறிஸ்மஸ் விருந்துக்கு முன்னால் ஒருமுறை மாட்டிறைச்சி சீஸ் ஸ்லைடர் (சிறிய பன்னில் செய்யும் குட்டி பர்கர்) செய்து பார்த்தேன். 12 பன், அரை கிலோ கொத்திறைச்சி, துருவிய செடார் சீஸ். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில், ஃபாயில் மூடி, 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்தேன். அடிப்பக்கம் கஞ்சியில் ஊறினாற்போல் ஆகி, சீஸும் எண்ணெய் கக்கிவிட்டது. வேறு ஓவன் வாங்க வேண்டுமா? வருகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, ஓவன்மேல் பழியில்லை. இறைச்சியில் இருந்த தண்ணீர்தான் ரொட்டியில் இறங்கியிருக்கிறது. அதைச் சட்டியிலேயே வற்ற வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம் மலேசியக் கடைகளில் கிடைக்கும் உறைந்த இறைச்சியில் நிறைய இந்தியாவிலிருந்து வரும் எருமை இறைச்சி. அதில் கொழுப்பு குறைவு, உருகும்போது தண்ணீர் அதிகம். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் வடிதட்டில் போட்டு நீரை இறுத்துவிடுங்கள்.

குவாலியை (குழிவான வாணலி) நன்றாகக் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, இறைச்சியை இரண்டு தடவையாக வதக்குங்கள். அரை கிலோவையும் ஒன்றாகக் கொட்டினால் சட்டி சூடு இறங்கிவிடும். இறைச்சி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும், சிவக்காது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: முதலில் தளதளவென்று கொதிக்கும் சத்தம் வரும். தண்ணீர் வற்றியதும் அது படபடவென்று பொரியும் சத்தமாக மாறும். அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் கிளறி, ஓரங்கள் பழுப்பாகும்வரை விடுங்கள். உப்பை முதலிலேயே போட்டால் இன்னும் நீர் விடும். கடைசியில் முக்கால் தேக்கரண்டி போதும். கிச்சாப் (சோயா சாஸ்) சேர்ப்பதாக இருந்தால் உப்பை அரைத் தேக்கரண்டியாகக் குறையுங்கள்.

ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, 3 பல் பூண்டுடன் தனியாகப் பொன்னிறமாக வதக்கிச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி கிச்சாப். எல்லாம் சேர்ந்ததும் வடிதட்டில் 5 நிமிடம் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஆவி பறக்க ரொட்டிமேல் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒன்றோடொன்று ஒட்டி வரும் மென்மையான பன்னே இதற்குத் தோது. பிரிக்காமல், நீளக் கத்தியால் ஒட்டிய பன் முழுவதையும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக அறுங்கள். அறுத்த முகம் மேலே இருக்க, 180 டிகிரியில் 4 நிமிடம் காயவிடுங்கள். விரலால் தொட்டால் லேசாகச் சொரசொரக்க வேண்டும்.

சீஸ் எண்ணெய் கக்கியது அதிகச் சூட்டால். செடாரைக் கடுஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதிலுள்ள புரதம் இறுகி, கொழுப்பை வெளியே தள்ளிவிடும். பர்கருக்குப் போடும் சீஸ் துண்டுகளில் அப்படிப் பிரியாமலிருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள். இந்த வேலைக்கு அதுதான் கைகொடுக்கும், விலை கூடிய சீஸ் தேவையே இல்லை. 12 சிறிய பன்னுக்கு, கீழே 6 துண்டு, மேலே 6 துண்டு. கீழ்ச் சீஸை விட்டுவிடாதீர்கள், இறைச்சியின் ஈரம் ரொட்டிக்குப் போகாமல் தடுப்பது அதுதான். சில்லி சாஸ் வேண்டுமென்றால் மேல் ரொட்டியின் உட்புறம் மெல்லத் தடவுங்கள், அடியில் வேண்டாம்.

50 கிராம் வெண்ணெயை உருக்கி, ஒரு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, மேலே பூசி எள் தூவுங்கள். சிறிய ஓவனில் மேல்கம்பி ரொட்டிக்கு மிக அருகில் இருக்கும், அதனால் தட்டைக் கீழ்ப்படியில் வையுங்கள். முன்கூட்டியே 10 நிமிடம் சூடேற்றி, 175 டிகிரியில் ஃபாயில் மூடி 10 நிமிடம், திறந்து 5 நிமிடம். கடைசிவரை மூடி வைத்தால் உள்ளே புட்டு அவிப்பதுபோல் ஆவி சுற்றிக்கொண்டே இருக்கும். தட்டில் 12 பன் கொள்ளாவிட்டால் ஆறு ஆறாகச் செய்யலாம்.

மற்றவர்களுக்குக் கோழி. தொடைக்கறியைக் கொத்தி, இதே முறையில் இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல் வேகவையுங்கள். வெப்பமானி இருந்தால் கோழிக்கு 74 டிகிரி, மாட்டுக் கொத்திறைச்சிக்கு 71. கோழித் தட்டை முதலில் ஓவனில் வைத்து எடுத்துவிடுங்கள். பலகை, கத்தி, வெண்ணெய் பூசும் பிரஷ், வதக்கும் சட்டி எல்லாம் அதற்குத் தனி. மேசையிலும் தள்ளி வைத்து, எது எதுவென்று சீட்டு எழுதி வையுங்கள். வந்தவர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது, அது அவர்களுக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

இறைச்சியை முந்தின நாளே வதக்கி, ஃபிரிட்ஜில் வைக்கலாம். ரொட்டியில் அடுக்குவது மட்டும் ஓவனுக்குள் போகும் நேரத்தில்தான். ஆறின இறைச்சியைச் சட்டியில் ஆவி வரும்வரை சூடாக்கி, மறுபடி கை பொறுக்குமளவு ஆறவிட்டே அடுக்குங்கள். வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் டப்பாவை இறுக மூடாமல், துணி போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம்.