கரையோர லைஃப்போட் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பிரிட்டன் கடற்கரைல ஆர்என்எல்ஐ (கடல்ல மாட்டினவங்கள மீட்கிற தொண்டு அமைப்பு) ஸ்டேஷன் ஒண்ணுல வாலண்டியரா இருக்கேன். முதல்ல கரை குழுவுல இருந்தேன், இப்ப போட்லயும் போறேன்.

அண்ணா, பேஜர் (அவசர அழைப்பு வந்தா அடிக்கிற சின்ன கருவி) அடிச்சதும் யார் முதல்ல ஓடி வர்றாங்களோ அவங்கதான் போட்ல ஏறுவாங்களா?
இல்லப்பா. 999 (இங்க அவசர உதவி நம்பர்) கால் கோஸ்ட்கார்டுக்குப் போகும், அவங்க எங்க ஸ்டேஷன் பொறுப்பாளர கேப்பாங்க, அவர் சரின்னா போட் இறங்கும். வந்தவங்கள்ல யார் போறதுன்னு அன்னிக்கு நிலைமைய பாத்துதான் முடிவு. சின்ன டி கிளாஸ்னா 5 மீட்டர் போட், 2-3 பேர். அட்லாண்டிக் 85னா எட்டு மீட்டருக்கு மேல, 3-4 பேர். மத்தவங்க கரைல, அந்த வேலையும் லேசில்ல.

போட்ட எப்படி தண்ணில இறக்குறீங்க?
இடத்துக்கு இடம் மாறும். எங்ககிட்ட டிராலிதான், டிராக்டர் அதை அலைக்குள்ள தள்ளும். டி கிளாஸ்ல கரை ஆளுங்க இடுப்பளவு தண்ணில நின்னு போட்ட பிடிச்சுக்கிட்டே இருப்போம், மூக்கு அலையப் பாத்தே இருக்கணும், கொஞ்சம் திரும்பிச்சுன்னா பக்கவாட்டுல அலை அடிச்சு கவுத்துடும், அதனால எல்லாரும் ஹெல்ம் (போட்ட ஓட்டுற தலைவர்) வாயத்தான் பாப்போம், பெரிய அலை ரெண்டு மூணு போனதும் கொஞ்சம் அடங்கும் பாருங்க, அப்பதான் இன்ஜின எறக்கி ஸ்டார்ட் பண்ணி "விடு"ம்பாரு. கை எடுத்ததும் போட் பாயும், நாங்க அப்படியே நனைஞ்சு நிப்போம். என்னைக் கேட்டா மீட்புல பாதி அங்கயே முடிஞ்சுடுது.

கவுந்துட்டா சார்?
அட்லாண்டிக்ல பின்னாடி வளைவு கம்பி மேல ஒரு காத்துப்பை மடிச்சு வச்சிருக்கும். கவுந்தா க்ரூ அதோட பிடிய இழுப்பாங்க, பை ஊதி போட்ட நிமித்திடும், இன்ஜினயும் மறுபடி ஸ்டார்ட் பண்ணலாம். டி கிளாஸ க்ரூவே கயித்த பிடிச்சு உடம்பு வெயிட்ட போட்டு நிமித்தணும், அதுக்கு பயிற்சி உண்டு.

பெரிய போட்ட அனுப்பினா என்ன?
பாறை இடுக்கு, குகை, ஆழமில்லாத கரை, குளிக்கிறவங்க நடுவுலன்னு பெரிய போட் நுழைய முடியாத இடம்தான் எங்க இடம். 1963ல இந்த சின்ன போட் வந்ததே அதுக்குத்தான். டி கிளாஸ் 25 நாட் (மணிக்கு சுமார் 46 கிமீ) வேகத்துல போகும், அட்லாண்டிக் 85 போட் 35 நாட் போகும்.

தண்ணில கிடக்கிறவர எப்படி தூக்குவீங்க?
கிட்ட போனதும் இன்ஜின நியூட்ரல்ல போடுவோம், ப்ரொப்பெல்லர் அவர் கால் பக்கம் சுத்தவே கூடாது. காத்து ட்யூப் தாழ்வா இருக்கறதால அதுமேல உருட்டி ஏத்தலாம். ரொம்ப நேரம் குளிர்ல இருந்தவர நிமிர்த்தி தூக்காம முடிஞ்சவரை படுத்த நிலையிலயே எடுப்போம், சட்டுனு செங்குத்தா தூக்கினா ரத்த அழுத்தம் இறங்கிடலாம்.

அக்காங்க தங்கச்சிங்களும் சேரலாமா?
தாராளமா. 1969லயே எலிசபெத் ஹாஸ்ட்வெட்னு 18 வயசு பொண்ணு கரையோர மீட்பு போட்ட கமாண்ட் பண்ண தகுதி வாங்கினாங்க.

நான் தவறி விழுந்துட்டா என்ன செய்யணும்?
நீந்தப் பாக்காதீங்க. குளிர் தண்ணி பட்டதும் மூச்சு வாங்கும், மல்லாந்து தலைய பின்னாடி சாச்சு காது முங்கற மாதிரி மிதங்க, மூச்சு நிதானத்துக்கு வந்தப்புறம் கத்துங்க. கரைல பாத்தவங்க உள்ள குதிக்காம 999 அடிச்சு கோஸ்ட்கார்ட்னு கேளுங்க.

திரும்பி வந்ததும் வீட்டுக்கா?
எங்க! போட்ட நல்ல தண்ணில கழுவி, பெட்ரோல் நிரப்பி, கயிறு ரேடியோ எல்லாம் சரிபாத்து டிராலில ஏத்தி வச்சப்புறம்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். அடுத்த பேஜர் பத்து நிமிஷத்துலயும் வரலாம்ல.