புது கம்ப்யூட்டரா, பழசையே தேற்றிவிடலாமா?

கேள்வி: பல வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5-4460 ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, சாமி படத்துக்குப் பூ போட்டு, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால்கூட அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. வேலையெல்லாம் கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேஜ்மேக்கர், கோரல்டிரா, கொஞ்சம் போட்டோஷாப். சர்வீஸ் செய்யும் தம்பி, "அண்ணே, இது தேறாது, நாற்பத்தஞ்சாயிரம் ஆகும், புதுசு போட்டுடலாம்" என்கிறார். போடலாமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நாளைக்கு ஒருநாள் டீக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்காருங்கள். டெஸ்க்டாப் தெரிந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று பக்கத்தில் பக்கத்தில் சதவீதம் ஓடும். நான் பந்தயம் கட்டுகிறேன்: சிபியு, அதாவது ப்ராசசர், பத்து, பதினைந்தில் சும்மா கிடக்கும், டிஸ்க் மட்டும் நூறிலேயே நிற்கும். அப்படி நின்றால், தம்பி மாற்றச் சொல்கிற ப்ராசசர் அல்ல, அந்த ஹார்டு டிஸ்க்தான் உங்களை டீக்கடைக்கு அனுப்புகிறது.

ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும், முள்ளும் நகர்ந்து போக வேண்டும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் பொறுக்கச் சொன்னால், செகண்டுக்கு நூறு பொறுக்குவதே பெரும்பாடு. விண்டோஸ் ஆன் ஆவது என்பதே ஆயிரக்கணக்கில் இப்படிப் பொறுக்குகிற வேலைதான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே கிடையாது, செகண்டுக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும். கல்யாண வீட்டில் கை தேர்ந்த சமையல்காரரை உட்கார வைத்துவிட்டு, வெங்காயத்தை ஒவ்வொன்றாக மார்க்கெட்டிலிருந்து வாங்கி வரச் சொன்னால் பந்தி எப்போது போடுவது? அந்தச் சமையல்காரரை மாற்றி இன்னொரு பெரிய கையைக் கூட்டிவந்தாலும் வெங்காயம் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

இது நான் கைக்காசு போட்டுக் கற்றது. சில வருடங்களுக்கு முன் மதர்போர்டு, ப்ராசசர், ராம் எல்லாம் புதுசாக மாற்றிவிட்டு, நிறைய ஃபைல் இருக்கிறதே என்று பழைய ஹார்டு டிஸ்க்கையே கழற்றி அதில் மாட்டினேன். ஆன் செய்தால் அதே வட்டம். "இதுக்கா இவ்வளவு செலவு?" என்று வீட்டில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். சாட்டா கேபிள் மாட்டுகிற 2.5 இன்ச் வகையாகக் கேட்டு வாங்குங்கள், குச்சி மாதிரி இருக்கும் எம்.2 வகையை வாங்கிவிட்டால் அந்தக் காலத்து போர்டில் பெரும்பாலும் அதைச் செருக இடமே இருக்காது. அப்புறம் ராம், டாஸ்க் மேனேஜர் மெமரி என்று காட்டுவது அதைத்தான். 4 ஜிபி இன்று போதாது: போட்டோஷாப்பும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்தால் ராம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, அதுவும் அந்தச் சுற்றுகிற தட்டில். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று போட்டிருக்கும். உங்கள் போர்டுக்கு டிடிஆர்3 ராம்தான் சேரும். டிடிஆர்4-ல் நடுவிலிருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அழுத்தினாலும் உட்காராது. இதை மட்டும் பழசாகவே வாங்குங்கள், ஏனென்றால் நாளைக்குப் புதுக் கம்ப்யூட்டர் எடுத்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், டிடிஆர்3 இதோடு சரி. வாங்கும் முன் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்த்துவிடுங்கள். 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு செருகினாலும் அது கண்ணில் படாது.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்கு இன்றைய ப்ராசசர் எதுவும் தேவையே இல்லை. ஆனால் எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போட்டால் பேஜ்மேக்கரும் உங்கள் தமிழ் ஃபான்ட்டுகளும் கீபோர்டு டிரைவரும் ஒழுங்காக ஓடுகிறதா என்று முழுதாக ஒரு பத்திரிகை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டும். இல்லை, அழிக்கவே வேண்டாம், பேக்கப்பாக அலமாரியில் வையுங்கள். "அக்காவுக்கு அடித்தீர்களே, அதே மாதிரி தங்கச்சிக்கும்" என்று ஆறு வருடம் கழித்து ஒருவர் வந்து நிற்பார்.

ஒரே ஒரு சிக்கல், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இன்டெல் ப்ராசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. வீட்டு மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டராக இருந்தால் நான் இவ்வளவு பயமுறுத்தமாட்டேன், ஆனால் டிடிபி கடை என்பது ஊரிலுள்ள பென்டிரைவ் எல்லாம் வந்து கைகுலுக்கிப் போகிற இடம். வைரஸ் புகுந்து ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போன கதை உங்களுக்குத் தெரியாததா? ஆகவே எஸ்எஸ்டியும் ராமும் போட்டு ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம் ஓட்டுங்கள், பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள், அந்த நாற்பத்தைந்தாயிரத்துக்கு இப்போதிருந்தே சீட்டுப் போடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ7-4790, 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. புதுக் கேமராவில் எடுத்த 4கே ஃபைலைப் போட்டால் டைம்லைனில் படம் விட்டு விட்டு ஓடுகிறது, எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையிலும் முடியவில்லை. நானும் தேற்றத்தான் பார்க்க வேண்டுமா?
- திண்டுக்கல் வாசகர்

பதில்: இல்லை, நீங்கள் வாங்குங்கள், தள்ளிப் போடாதீர்கள். உங்கள் டாஸ்க் மேனேஜரில் நூறில் நிற்பது சிபியுவாக இருக்கும். புதுக் கேமராக்கள் பலவும் எச்.265 என்ற முறையில் வீடியோவை இறுக்கிச் சுருட்டிச் சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டத் தனியாக ஒரு மின்சுற்று ப்ராசசருக்குள் இருக்க வேண்டும். இன்டெல்லில் அது ஆறாம் தலைமுறையில்தான் வந்தது, 10 பிட் எச்.265 முழுதாகக் கைக்கு வந்தது ஏழாம் தலைமுறையில். உங்களுடையது நான்கு, அதனால் பாவம் எல்லாவற்றையும் கையாலேயே விரிக்கிறது. கேமராவில் 4:2:2 10 பிட் போட்டு எடுப்பவராக இருந்தால் டெஸ்க்டாப்பில் பதினோராம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடையில் ஒன்று கவனியுங்கள். ஐ5-12400 என்று ஒரு ப்ராசசரும் 12400எஃப் என்று ஒன்றும் காட்டுவார்கள், எஃப் கொஞ்சம் மலிவு. அந்த எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது, நான் மேலே சொன்ன விரிக்கிற சுற்றும் அதோடு போச்சு. தனி கார்டு வாங்கப் போவதில்லை என்றால் மானிட்டரில் படமே வராது. ராம் 32 ஜிபி வேண்டும், ஆனால் 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதில் ராம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆகவே போன வருடம் நண்பர் வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள். வாங்கும்வரை கையிலிருக்கும் வேலைக்கு ப்ராக்ஸி (அதே வீடியோவின் சின்ன, லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள், டைம்லைனாவது திக்காமல் ஓடும். எக்ஸ்போர்ட்டுக்கு அது உதவாது.

கேள்வி: புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் இன்டர்நெட் வேகமாகுமா?
- தாம்பரம் வாசகர்

பதில்: ஆகாது. அதே இடத்தில் போனை வைத்து அதே வைஃபையில் ஒரு ஸ்பீடு டெஸ்ட் பாருங்கள். போனிலும் ஊர்ந்தால் ரவுட்டரை நகர்த்துங்கள், பீரோவுக்குப் பின்னால் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

கேள்வி: ரிட்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட ஐ7 கம்ப்யூட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். பெண்ணின் கல்லூரிப் படிப்புக்கு வாங்கலாமா சார்? புதுசு ஐ3 வாங்குகிற காசுகூட ஆகாது.
- வேலூர் வாசகர்

பதில்: வாங்கலாம், நல்ல யோசனைதான், ஆனால் "ஐ7" என்ற எழுத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 6700 என்றால் ஆறாம் தலைமுறை, 8700 என்றால் எட்டாம் தலைமுறை, 12100 போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. ஆறும் ஏழும்தான் இப்போது மலிவாகத் தள்ளிவிடப்படுகின்றன, விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது என்பதுதான் காரணம். எட்டாவதிலிருந்து எடுங்கள். 2022-ல் வந்த ஐ3-12100-ம், 2015-ல் வந்த ஐ7-6700-ம் இரண்டுமே நாலு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஐ3 முந்தும். பேரில் இருக்கும் 7 என்ற எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லி, மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள், விண்டோஸ் 11-க்குத் தகுதியா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். பெரிய கம்பெனி டெஸ்க்டாப்புகளில் பவர் சப்ளையும் போர்டும் பல சமயம் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், கெட்டால் சந்தையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) அதில் உட்காராது. ஒல்லியான மாடலாக இருந்தால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே நுழையவே நுழையாது. உங்கள் பெண் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகிறாள் என்றால் முதல் வருடம் முடிவதற்குள் அந்தக் கார்டைக் கேட்பாள், அப்போது அகலமான டப்பாவாகப் பார்த்து எடுங்கள். பி.காம் என்றால் ஒல்லியே போதும், மேஜையில் இடமாவது மிஞ்சும்.