ஜெர்மனி அணுவுலைகளை மூடிய விவகாரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஜப்பானில் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தைப் பார்த்துப் பயந்துபோய், அப்போதைய ஜெர்மன் பிரதமர் மெர்க்கல் ஒரே ராத்திரியில் எடுத்த முடிவாமே?

பதில்: பாதிதான் சரி. அவருக்கு முந்தைய பிரதமர் ஷ்ரோடரின் அரசு, உலைகளைப் படிப்படியாக மூடுவதென்று 2000-லேயே மின் நிறுவனங்களோடு பேசி முடித்து, 2002-ல் சட்டமும் போட்டாயிற்று. 2010-ல் மெர்க்கல் அந்த உலைகளின் ஆயுளை நீட்டினார், அடுத்த மார்ச்சில் ஃபுகுஷிமா, உடனே குட்டிக்கரணம், மறுபடி மூடுவதென்று முடிவு. இந்த இழுபறியில் நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போக, 2021-ல் சுமார் 240 கோடி யூரோ இழப்பீடு கொடுக்க வேண்டிவந்தது. மக்கள் பணம்தான். கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15-ல் நின்றன.

கேள்வி: அணுவை விட்டுவிட்டு நிலக்கரியை எரித்தார்கள், அவ்வளவுதானே?

பதில்: இல்லை. 2000-ல் காற்று, சூரியன், நீர் எல்லாம் சேர்த்தே மின்சாரத்தில் 6 சதவீதம் போலத்தான், 2023-ல் பாதிக்கு மேல். அணுவும் குறைந்தது, நிலக்கரியும் குறைந்தது. ஆனால் வரிசை தப்பு என்பது என் கருத்து. ஓடிக்கொண்டிருந்த உலைகளை முதலில் நிறுத்திவிட்டு, பழுப்பு நிலக்கரிக்கு 2038 வரை தவணை கொடுத்ததை நியாயப்படுத்த என்னால் முடியாது.

கேள்வி: வடக்கே கடலோரம் பூரா காற்றாலைதானே, அப்புறம் என்ன குறை?

பதில்: கம்பி! காற்று வடக்கே, பெரிய தொழிற்சாலைகள் தெற்கே. நடுவில் சூட்லிங்க் என்று 700 கிலோமீட்டர் மின்தடம். முதலில் கோபுரம் நட்டு இழுப்பதாகத்தான் திட்டம். தெற்கு மாநிலமான பவேரியாவில் மக்கள் ‘எங்கள் ஊர் வழியாக வேண்டாம்’ என்று எதிர்ப்புக் கிளப்பிவிட்டார்கள், சரி, மண்ணுக்கடியில் புதைப்போம் என்று மாற்றியதில் 2022-ல் முடிய வேண்டியது 2028-க்குத் தள்ளிப்போனது. அதன் ஒரு முனை வந்து சேருமிடம் பவேரியாவின் பெர்க்ரைன்ஃபெல்ட். பக்கத்திலேயே கிராஃபன்ரைன்ஃபெல்ட் அணுமின் நிலையம். அதை 2015-ல் மூடி, 2024 ஆகஸ்டில் குளிர்விப்புக் கோபுரங்களையும் வெடிவைத்துத் தகர்த்தாயிற்று, கம்பி மட்டும் இன்னும் வந்தபாடில்லை. அதுவரைக்கும் வடக்கே காற்று பலமாக அடித்தால் காற்றாலையை நிறுத்தச் சொல்லி, அதற்கு நஷ்டஈடும் கொடுத்து, தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டுகிறார்கள். இந்த இரட்டைச் செலவு கடைசியில் வீட்டு பில்லில்தான் வந்து விழும்.

கேள்வி: காற்றும் இல்லை, வெயிலும் இல்லை என்றால்?

பதில்: 2024 டிசம்பர் 12 அப்படித்தான். மாலையில் ஒரு மணி நேரம் சந்தை விலை யூனிட்டுக்கு 90 சென்ட்டைத் தாண்டியது. விளக்கு அணையவில்லை, நிலக்கரி, எரிவாயு, பக்கத்து நாட்டு மின்சாரம் எல்லாம் கைகொடுத்தன. பேட்டரி சில மணி நேரம் தாங்கும், ஒரு வாரம் மூட்டமாக இருந்தால் தாங்காது.

கேள்வி: அணுக் கழிவு?

பதில்: நிரந்தரமாகப் புதைக்க இன்னும் இடம் முடிவாகவில்லை. பல வருஷமாக ஆராய்ந்துவந்த கோர்லேபன் என்ற வடக்கத்தி ஊரின் உப்புப் படிவத்தை 2020-ல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அண்ணா, நான் அங்கே வாடகை வீட்டில் இருக்கிறேன், சோலார் வைக்க வழியுண்டா?

பதில்: தாராளமாக, தம்பி. பால்கனிக் கம்பியில் இரண்டு தகடு, அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்ற 800 வாட் இன்வெர்ட்டர், ஒயரைச் சுவர் பிளக்கில் செருகினால் போதும். ஆன்லைனில் பதிவு செய்துவிடு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மாட்டு. தக்க காரணம் இல்லாமல் அவர் மறுக்க முடியாது என்று 2024-லிருந்து சட்டம் இருக்கிறது. பால்கனி வடக்குப் பார்த்ததாக இருந்தால் மட்டும் காசை வீணாக்காதே.