என் தொழிலைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வர நிருபர்களை எப்படி அணுகுவது?

செய்தி தேவைப்படும் அன்றைக்கு மட்டும் நிருபரைத் தேடினால் காரியம் நடக்காது. உங்கள் துறையைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று பார்த்து, முதலில் அவர்களுடைய கட்டுரைகளைப் படியுங்கள். ஒரே செய்திக்குறிப்பை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பொருத்தமான மூன்று பேருக்குத் தனித்தனியாக நாலு வரி எழுதுவது மேல்.

'புதுக் கிளை திறந்தோம்' என்பது உங்களுக்குத்தான் செய்தி. வாசகருக்கு அது விளம்பரம். துறையில் விலை ஏன் ஏறுகிறது, வாடிக்கையாளர் எங்கே ஏமாறுகிறார் என்பது மாதிரி விவரங்களைக் கொடுங்கள், உங்கள் பெயர் வராவிட்டாலும் சரி. அப்படி உதவியவரைத்தான் அடுத்த கட்டுரைக்குக் கூப்பிடுவார்கள்.

அப்புறம், போன் வந்தால் உடனே எடுங்கள். மாலைக்குள் எழுதி முடிக்க வேண்டியவருக்கு மறுநாள் பதில் எதற்கு? 'இதைப் போடாதீர்கள்' என்பதைப் பேசும் முன்பே ஒப்புக்கொள்ள வையுங்கள்; சொன்ன பிறகு கேட்டால் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை. பரிசுப் பொருள் அனுப்புவது, தயவுசெய்து வேண்டாம்.