உண்மையிலேயே பயமுறுத்தும் பேய்ப் படங்கள் எவை?

பேய்ப் படம் என்று போட்டால் பாதி காமெடியாக இருக்கிறது, மீதி காது கிழியக் கத்துகிறது, பார்த்து முடித்த பிறகும் மனதை விட்டுப் போகாத படங்களைச் சொல்லுங்கள், பழசாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் என் ரசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். மாசியில் சிவராத்திரி முடிந்ததும் எங்கள் ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா எப்படி நடக்கும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்பையும் உடுக்கையும் அதிர, முகமெல்லாம் சாயம் பூசி, நாக்கைத் தொங்கவிட்டு, காளி வேடம் கட்டியவர்கள் தெருவில் ஆடி வருவார்கள். வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பெண்கள் கைக்குழந்தையோடு அவர்களிடம் ஆசி வாங்கப் போவார்கள். அப்புறம் ஊரே சுடுகாட்டுக்குப் போகும். ரத்தம், சாம்பல், விரித்த தலைமுடி எல்லாமே எங்களுக்குப் பக்தி. அங்காளம்மனே நேரில் வருகிறாள் என்று ஆயா கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இதைப் பார்த்து வளர்ந்ததால், சினிமாவில் ஒருத்தி வெள்ளைப் புடவையில் தலையை விரித்துப் போட்டுக் கத்திக்கொண்டு வந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் வீடு மாதிரி ஒரு வீட்டில், பட்டப்பகலில், ஏதோ ஒன்று சரியில்லை என்று மெதுவாகக் காட்டுகிற படம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்யும். நான் சொல்லப்போகிற படங்களில் பெரும்பாலானவை அந்த வகை.

தமிழில் என் முதல் பரிந்துரை 'யாவரும் நலம்' (2009). விக்ரம் குமார் இயக்கம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. ஒரு கூட்டுக் குடும்பம் புது ஃபிளாட்டுக்குக் குடிவருகிறது. பால் திரிகிறது. பூஜை அறைச் சுவரில் ஆணி இறங்க மறுக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் வேலை செய்கிற லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகர்வதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் பேய் வேலை என்று சொல்ல முடியாது. புது வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அப்புறம் மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கிற ஒரு சீரியல் தொடங்குகிறது. சீரியல் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்துக்கும் நடக்கிறது. முதலில் வருவதெல்லாம் நல்ல செய்திகள். அவற்றைப் பார்க்கும்போதே நமக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் சீரியல் என்றால் அடுத்து என்ன வரும் என்று நமக்குத் தெரியும். மதிய நேரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு கேட்கிற சீரியல் சத்தத்தையே பயமாக மாற்றிய படம் அது. சித்தி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் டிவியை நிறுத்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அதே 2009-இல் அறிவழகனின் 'ஈரம்' வந்தது. அதில் பேய் வருவது தண்ணீர் வழியாக. ஒகேனக்கல் தண்ணீர் எப்போது வரும் என்று குழாயடியில் குடத்தோடு நிற்கிற எங்கள் பக்கத்து ஆட்களையே தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வைத்தது என்றால், அது மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவுக்கும் தமனின் இசைக்கும் கிடைத்த வெற்றி. படம் முழுக்க வெயிலே இருக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நமக்கும் குளிரும்.

பழைய படங்களுக்கு வருகிறேன். 1942-இல் ழாக் தூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு காட்சி. இரவில் ஒரு பெண் பூங்கா மதிலை ஒட்டித் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தி வருகிறாள். பின்னணி இசை கிடையாது, இரண்டு பேரின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு கட்டத்தில் பின்னால் வருகிற சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடையைக் கூட்டுகிறாள். ஏதோ பாயப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்கும் நொடியில், உறுமல் போன்ற சத்தத்தோடு ஒரு பஸ் வந்து நிற்கிறது. வெறும் டவுன் பஸ்! இன்றைக்கு எல்லாப் பேய்ப் படங்களிலும் வருகிற திடீர் அதிர்ச்சிக்கு இதுதான் முன்னோடி. அந்தப் படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே சொல்கிறார்கள். இப்போது வருகிற பல படங்கள் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருந்த நடையை விட்டுவிட்டன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லூட்டன் தயாரிப்பில் இயக்குநரானவர் ராபர்ட் வைஸ். அவர் 1963-இல் எடுத்த 'தி ஹாண்டிங்' கடைசி வரை பேயைக் காட்டாது. இருட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்துக்குப் பயந்து ஒருத்தி தோழியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால் தோழி தள்ளி வேறிடத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கையை? இதே மனிதர் இரண்டே வருடத்தில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஜாக் கிளேட்டனின் 'தி இன்னசன்ட்ஸ்' (1961) பாருங்கள். படம் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்கும், ஒரு சிறுமி பாடுகிற சத்தம் மட்டும் கேட்கும். பெரிய மாளிகை ஒன்றில் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆசிரியையாக டெபோரா கெர். பகல் வெளிச்சத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும்போது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோரைப் புல்லுக்கு நடுவே கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் அசையவில்லை, கிட்டே வரவில்லை, சும்மா நிற்கிறாள். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ், திரையின் இரண்டு ஓரமும் இருண்டு தெரிய வேண்டும் என்று ஃபில்டர்களில் கையால் வண்ணம் தீட்டிப் பயன்படுத்தினார். அதனால் படம் முழுக்க நம் கண் ஓரத்தில் யாரோ இருப்பது போலவே இருக்கும். பாரூர் ஏரிக்கரையில் நிற்கும்போது எதிர்க்கரையில் ஒரு ஆள் அசையாமல் நின்றால் எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

நம் பக்கத்துப் பழைய படங்களில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) பாருங்கள். மறுபிறவிக் கதை. அதில் பாழடைந்த மாளிகையை ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த வருடமே எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் திரைக்கதையில் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' இயக்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுகம்.

புதியவற்றில் மலையாள இயக்குநர் ராகுல் சதாசிவன்தான் என் ஆள். அவருடைய 'பூதகாலம்' (2022) படத்தில் ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா, மகன். பாட்டி இறந்துபோன ஒரு வாடகை வீடு, மன அழுத்தத்தில் இருக்கிற அம்மா, வேலை கிடைக்காத மகன். ஒருவர் பயப்படுவதை மற்றவர் நம்ப மறுக்கிறார். அந்தச் சண்டைகள் எல்லாம் நம் வீட்டில் நடப்பவை, அதனால்தான் பேய் வரும்போது வலிக்கிறது. அடுத்து மம்மூட்டியை வைத்துக் கறுப்பு வெள்ளையில் 'பிரமயுகம்' (2024) எடுத்தார். அதுவும் அவசியம் பார்க்க வேண்டியது. இந்தியில் 'தும்பாட்' (2018) போதும், அந்த மழைக்காகவே பார்க்கலாம்.

ஜப்பானியப் படம் என்றால் கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001). ஒரு பேய் நடந்து வருகிற காட்சி இருக்கிறது. நடுவில் அதற்குக் கால் தடுமாறி உடம்பு வளைகிறது, அப்புறம் நிமிர்ந்து திரும்பவும் நடக்கிறது. அவ்வளவுதான். ஓடிவந்து பாய்கிற பேய்கள் எல்லாம் எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

பார்க்கிற விதமும் முக்கியம். இந்தப் படங்களில் பாதி வேலையைச் சத்தம்தான் செய்கிறது. ஃபேன் சத்தத்துக்கு நடுவே போனில் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. வீடு அடங்கின பிறகு, ஹெட்ஃபோன் போட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள்.

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) பட்டியலில் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் அதன் முதல் பாதியில் ஒரு தாய், மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் டாக்டர் டாக்டராக அலைகிறாள், சோதனைக்கு மேல் சோதனை. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் காட்சிகள்தான் பேயைவிடக் கொடுமை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாத சமயத்தில் தயவுசெய்து அதைப் போடாதீர்கள். மற்றபடி 'யாவரும் நலம்' படத்தில் தொடங்குங்கள், அடுத்து 'தி இன்னசன்ட்ஸ்'. எது பிடித்தது என்று சொன்னால் அதற்கேற்ற மாதிரி இன்னும் சில பெயர்கள் தருகிறேன்.