முள்வேலியில் ஒரு கொள்ளைக்காரன்

வணக்கம் ஐயா,
எங்கள் தோட்டத்து வேலிக்கம்பியில், நீண்ட வயிறும் முகத்தில் தாடியுமாக ஒரு பூச்சி தேனீயைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். குளவியா, ஈயா? எந்த இனம்? தேன்பெட்டி வைத்திருக்கிறோம், அடித்துவிடலாமா?
க., உடுமலைப்பேட்டை

அன்புள்ள க.,

ஈதான். குளவிக்கு இரண்டு ஜோடி இறக்கை, இதற்கு ஒரே ஜோடி. ராபர் ஃப்ளை, அதாவது கொள்ளைக்கார ஈ, அசிலிடே குடும்பம். இரு கண்களுக்கு நடுவே உச்சந்தலை பள்ளமாக இருப்பது உங்கள் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தோடு தாடியும் இருந்தால் குடும்பத்தில் சந்தேகமே வேண்டாம். பிடிபட்ட பூச்சி உதறும்போது முகத்தைக் காப்பது அந்தத் தாடிதான்.

இனம்? இந்தக் குடும்பத்தில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பலவற்றை ஆணின் வால்நுனியை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். செயலி சொல்லும் பெயரைக் குறித்துவைத்துத் திருப்திப்படுவது எனக்கு உவப்பில்லை. அதைவிட அரைமணி நேரம் வேலியருகே, நிழல் அதன்மேல் விழாமல் உட்காருங்கள். பறந்து போனாலும் பெரும்பாலும் அதே கம்பிக்கோ பக்கத்துக் கம்பிக்கோ திரும்பிவிடும். ஏதாவது பறந்தால் முதலில் தலை திரும்பும், பிறகுதான் பாய்ச்சல்.

அந்தப் பாய்ச்சல்தான் விசேஷம். அமெரிக்காவில் ஹோல்கோசெஃபாலா என்ற சுமார் 7 மில்லிமீட்டர் நீளக் கொள்ளைக்கார ஈயை வைத்து ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது இரையின் வாலைப் பிடித்துக்கொண்டு துரத்துவதில்லை. கேட்சுக்கு ஓடும் ஃபீல்டர்போல, இரை வந்துசேரப்போகும் இடத்துக்கே போகிறது. பிடித்ததும் கழுத்து மாதிரி மெல்லிய இடத்தில் ஊசிவாயைக் குத்தி நச்சு உமிழ்நீரைச் செலுத்தும். உள்ளே எல்லாம் கரைய, உறிஞ்சிக்கொள்ளும். வண்டுகூட, பறக்க மேலோட்டைத் திறந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடிக்க வேண்டாம். தேனீயைத் தின்பது உண்மைதான். ஆனால் வெட்டுக்கிளி, வண்டு, குளவியும் அதற்கு இரைதான். இதன் புழுக்களில் பல மண்ணுக்குள் வண்டுப் புழுக்களைத் தின்று வளர்பவை. ஒன்றிரண்டு ஈக்களால் ஒரு பெட்டி காலியாகாது. மெழுகுப் பூச்சிக்கும் எறும்புக்கும்தான் நீங்கள் பயப்பட வேண்டும். கையால் மட்டும் பிடிக்காதீர்கள், குத்தினால் நன்றாக வலிக்கும்.

அடுத்த முறை முகம் நேராக ஒன்று, மேலிருந்து ஒன்று, வால்நுனி தெரியப் பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுங்கள். கம்பிக்குக் கீழே உறிஞ்சிப்போட்ட கூடுகள் கிடந்தால் பொறுக்கி ஒரு தீப்பெட்டியில் வையுங்கள். உங்கள் ஊர் ஈ எதையெல்லாம் தின்கிறது என்று அதை வைத்தே பட்டியல் போடலாம்.